பெயரும் ஊரும்: வட ஆர்க்காட்டுப் பட்டாளத்தாரை எப்படித் தேடுவது?

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் இன்று பிரிந்திருக்கும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு மாவட்டங்களிலிருந்தும் ராணுவத்துக்குப் போனவர்களின் கல்லறைகளைத் தேடிப் படமெடுக்க வேண்டும், ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் எழுதித் தொகுக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள். எங்கிருந்து தொடங்குவது, கல்லறையே இல்லாதவர்களை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதற்கு விடை தெரியாமல் முதல் கேள்விக்கு விடை கிடைக்காது.

கல்லறைகளை மட்டும் தேடிப் போனால் உங்கள் தொகுப்பில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் நிறைய இருப்பார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் வீரர்களில் சிலர் இருப்பார்கள். சொந்த நிலத்தில் குடும்பத்தார் சமாதி கட்டிய சில சுபேதார்கள் (இடைநிலை அதிகாரிகள்) இருப்பார்கள். மற்றவர்கள் எங்கே? எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டார்கள். அல்லது ஊர்ச் சுடுகாட்டில் புதைத்து, மூன்று மழைக்காலத்தில் மேடு கரைந்து, அதே இடத்தில் வேறொருவரைப் புதைத்துவிட்டார்கள். வெளிநாட்டில் இறந்தவர்களின் உடல் ஊருக்கு வரவே இல்லை. ஆகவே ஆளைத் தேடுங்கள். அவருக்குக் கல்லறை இருந்தால் அது ஒரு சான்று, இல்லாவிட்டால் வேறு சான்றுகள் உண்டு. பெயர், தகப்பன் பெயர், ஊர், படைப்பிரிவு ஆகிய நான்கும் உறுதியாகிவிட்டால் அந்த மனிதர் மீண்டுவிடுவார்.

மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் உங்கள் பகுதிக்குப் பக்கத்து மாவட்டமான பழைய செங்கல்பட்டைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில் கண்ணிவெடி வெடிக்கப் போவதைக் கண்டு அதன்மேல் விழுந்தார். உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் இறந்தார். பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான ஜார்ஜ் கிராஸ் பெற்ற இந்த வீரருக்கும் கல்லறை கிடையாது. இத்தாலியில் சாங்ரோ நதிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில், தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்களுக்கான நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பதக்கம் வாங்கியவரின் நிலையே இதுவென்றால், பதக்கம் இல்லாமல் வயிற்றுப்போக்கிலும் மலேரியாவிலும் இறந்த சிப்பாயை எங்கே போய்த் தேடுவது என்று மலைப்பாக இருக்கும். ஆனால் வழி இருக்கிறது.

உங்கள் பகுதியிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பாருங்கள். பல்லவர் காலத்திலிருந்து அங்கே ஊர்ச் சண்டையிலும் மாடு கவரும் ஆநிரைப் பூசலிலும் இறந்தவர்களுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், பெயர் என்ன, எதற்காகப் பட்டான் என்று வட்டெழுத்தில் நாலைந்து வரிகள் இருக்கும். எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. அதில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்த செய்தியோடு, கோவிவன் என்ற அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதும் எழுதப்பட்டிருக்கிறது. நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 1400 ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் நம்மிடம் இருக்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு ஊர்தோறும் பதித்த பலகைக் கற்களைப் பாருங்கள். பழைய பள்ளிக்கூடம், சாவடி, தாலுகா கச்சேரி ஆகியவற்றின் சுவர்களில் இன்னும் சில தப்பிப் பிழைத்திருக்கின்றன. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரையிலான பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். அவ்வளவுதான். போனவர் பெயரும் இல்லை, இறந்தவர் பெயரும் இல்லை. எனக்கு அந்தக் கற்களைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வரும். ஆனால் உங்களுக்கு அவை மிகவும் உதவும். ஒரு ஊரில் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று அந்தக் கல் சொல்லிவிடுகிறது. உங்கள் வேலையின் முதல் கட்டமாக நான்கு மாவட்டங்களிலும் இந்தக் கற்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பட்டியல் எடுங்கள். பள்ளிக் கட்டடத்தை இடித்துக் கட்டும்போது அவை ஜல்லியோடு ஜல்லியாகப் போய்விடுகின்றன. ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் காப்பாற்றலாம்.

இறந்தவர்களின் பெயர்களைத் தேட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகள் இருக்கின்றன. முதல் உலகப் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையிலும், இரண்டாம் உலகப் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலும் பணியில் இறந்தவர்கள் அவற்றில் வருவார்கள். சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள மதராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் 1952இல் அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பராமரிக்க முடியாத பல இடங்களில் இருந்த இரண்டாம் போர்க் கல்லறைகளை அங்கே மாற்றினார்கள். 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். அதே வளாகத்தில் முதல் போரில் இறந்த 1000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் கொண்ட நினைவுச் சின்னமும் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க ஒதுக்கிப் போய்ப் பாருங்கள்.

இந்தியச் சிப்பாய்களின் பதிவில் பெரும்பாலும் தகப்பன் பெயர், ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவை சேர்ந்தே இருக்கும். நமக்கு அதுதான் பொன். ஆனால் இரண்டு சிக்கல்களுக்குத் தயாராக இருங்கள். முதலாவது மாவட்டம். பதிவில் வட ஆர்க்காடு என்று இருப்பது இன்றைய நான்கு மாவட்டங்களில் எதுவாகவும் இருக்கலாம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இன்றைய ஆந்திரப் பகுதிகள் சிலவும் வட ஆர்க்காட்டில்தான் இருந்தன. அதற்கு முன் பட்டாளத்தில் சேர்ந்தவரின் ஊர் இன்று மாநில எல்லைக்கு அப்பால் இருக்கக்கூடும். இரண்டாவது எழுத்துப் பிழை. நம் ஊர்ப் பெயர்களை ரெஜிமென்ட் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வாக்கம், பாக்கம், பேட்டை, பட்டு எல்லாம் ஒன்றுக்கொன்று மாறியிருக்கும். முனுசாமியும் முனியசாமியும் ஒருவராகவும் இருக்கலாம், இருவராகவும் இருக்கலாம். தகப்பன் பெயரும் பொருந்தும் வரை முடிவு கட்டாதீர்கள்.

இந்தப் பதிவுகளும் முழுமையானவை அல்ல. ஈராக்கிலுள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்துவிட்டு, இந்தியச் சிப்பாய்களை எண்ணிக்கையாக மட்டும் விட்டார்கள். ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் இப்படிச் சமமின்றி நடத்தியதை ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. மதராஸ் சாப்பர்ஸ் இன்றைய ஈராக்கான மெசபடோமியாவில் இருந்தார்கள். பாதை அமைக்கும் 61ஆவது பயனியர்ஸ் படையும் 63ஆவது பாளையங்கோட்டை காலாட்படையும் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் கரையிறங்கின. அங்கெல்லாம் போன நம் ஆட்களின் பெயர்களை ஊரிலிருந்துதான் மீட்க வேண்டியிருக்கும்.

வேலூர்க்காரர்கள் என்பதால் 1806 சிப்பாய்ப் புரட்சி பற்றி நீங்கள் கட்டாயம் எழுதுவீர்கள். புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை என்று தொடங்கிய மனக்கசப்பு ஜூலை 10 விடியற்காலையில் கோட்டைக்குள் வெடித்தது. ஆர்க்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து அதை அடக்கினார். அன்று கொல்லப்பட்ட 69ஆவது ரெஜிமென்ட் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கோட்டைக்கு அருகே நினைவிடம் இருக்கிறது. அவர்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் செத்த இந்தியச் சிப்பாய்களுக்குக் கல்லறை இல்லை. மக்கான் சந்திப்பில் பிற்காலத்தில் எழுப்பிய தூண்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துப் போடுங்கள். விளக்கவுரை எதுவும் தேவைப்படாது.

அடுத்ததாகச் சொல்லப் போவதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். மதராஸ் படையில் பறையர் சமூகத்திலிருந்து ஏராளமானோர் சேர்ந்திருந்தார்கள். குறிப்பாக சாப்பர்ஸிலும் பயனியர்ஸிலும் அவர்கள் பெரும் பங்கு வகித்தார்கள். வீர இனம், வீரமற்ற இனம் என்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் தளபதிகள் பிரிவினை பேசி மதராஸ் காலாட்படையைச் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். முதல் போருக்குப் பிறகு எஞ்சியிருந்த மதராஸ் காலாட்படையும் 1928க்குள் கலைக்கப்பட்டது. 1933இல் மதராஸ் பயனியர்ஸும் கலைக்கப்பட்டது. காலாட்படை மீண்டும் எழுந்தது இரண்டாம் உலகப் போரின்போதுதான். ஒரு சிப்பாயை வழிவழியாக நினைவில் வைத்திருப்பது அவருடைய ரெஜிமென்ட். அது கலைந்துவிட்டால் அவருக்கு ஆண்டு விழாவும் இல்லை, மெஸ் சுவரில் படமும் இல்லை. ஊருக்குத் திரும்பி வந்தால் அங்கேயும் தனிச் சுடுகாடு. அதனால் இந்தக் குடும்பங்களின் பட்டாளத்தார்தான் முதலில் மறக்கப்பட்டவர்கள். உங்கள் தேடலை அவர்கள் வாழும் காலனிகளிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் அந்தப் பிறகு வராது, வந்ததும் இல்லை.

இனிக் களப்பணி. தேவாலயங்களில் அடக்கப் பதிவேடு இருக்கும். ஆயரிடமோ பங்குத் தந்தையிடமோ முறைப்படி கடிதம் கொடுத்துப் பார்க்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் கபர்ஸ்தான்களுக்குப் போகும்போது ஜமாஅத் பெரியவர்களோடு போங்கள். மீஸான் எனப்படும் கபர்த் தலைக்கல்லில் உருது அல்லது அரபு எழுத்து இருந்தால் படிக்கத் தெரிந்தவரை அழைத்துச் செல்லுங்கள். எழுத்தே இல்லாத மீஸான் கற்களும் உண்டு. அங்கே பெரியவர்களின் நினைவுதான் பதிவேடு. சொந்த நிலத்துச் சமாதிகளில் பதவியும் படைப்பிரிவும் சிமென்ட்டில் எழுதியிருப்பார்கள். அவற்றை நிலம் கைமாறுவதற்கு முன் படமெடுத்துவிடுங்கள்.

கல்லைத் தொடும் விதம் முக்கியம். ஆசிட், கம்பி பிரஷ், சுண்ணாம்பு எதுவும் கூடாது. எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸோ பெயின்டோ தடவாதீர்கள். வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். கல்லில் இருப்பதைப் பிழையோடு அப்படியே படியெடுங்கள். திருத்தத்தைத் தனியாகக் குறியுங்கள்.

கல்லறையைவிட வீடு அதிகம் பேசும். பட்டாளத்தார் வீடு என்று ஊரில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர், வீட்டுக்கு வீடு பட்டாளத்தார். அப்படிப்பட்ட வீட்டில் முதலில் கறுப்பு டிரங்குப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். மூடியில் வெள்ளை பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் எழுதியிருக்கும். நெல்லோ பழைய துணியோ போட்டு வைத்திருப்பார்கள், எழுத்து மட்டும் அழியாமல் இருக்கும். நம்பரின் முதல் இலக்கங்களை வைத்தே எந்த ரெஜிமென்ட் என்று விவரம் தெரிந்தவர் சொல்லிவிடுவார். ஜேசி என்று தொடங்கினால் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் நிலையில் இருந்தவர். பிறகு டிஸ்சார்ஜ் புக், பிபிஓ என்ற பென்ஷன் ஆணை, பழைய இன்லண்ட் கடிதங்கள். கடிதத்தில் ராணுவத் தபால் நிலைய எண்ணாக 56 ஏபிஓ என்றிருந்தால் வடக்கு, மேற்குப் பக்கம். 99 ஏபிஓ என்றிருந்தால் கிழக்கு, வடகிழக்குப் பக்கம். தேதியோடு சேர்த்துப் பார்த்தால் அவர் எந்தக் காலத்தில் எந்த முனையில் இருந்தார் என்று கோடு போட்டுவிடலாம்.

பதக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பிலோ பின்புறத்திலோ நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு, பதக்கத்தின் வகையே அவர் எங்கே நின்றார் என்று சொல்லும். 1965 போரில் சமர் சேவா ஸ்டார் வைத்திருப்பவர் போர்முனையில் நின்றவர், ரக்ஷா மெடல் அதைவிடப் பரவலாகக் கொடுக்கப்பட்டது. 1971இல் பூர்வி ஸ்டார் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் மேற்கு முனை. தாத்தா டாக்காவில் சண்டை போட்டார் என்று பேரன் சொல்லி, பெட்டியில் பஸ்சிமி ஸ்டார் மட்டும் இருந்தால், சண்டைக்குப் போகாமல் மெதுவாக மறுபடி கேளுங்கள். அவர் ராஜஸ்தான் பாலைவனத்தில் நின்றிருக்கலாம். அந்தக் கதை இன்னும் யாரும் கேட்காத கதையாக இருக்கும்.

கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரையும் நினைவு நாள் விளம்பரத்தையும் தள்ளிவிடாதீர்கள். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி, சீருடையில் ஒரு படம், உறவினர் பட்டியல் என்று பல குடும்பங்களில் எஞ்சியிருக்கும் முழு வாழ்க்கைக் குறிப்பு அதுதான்.

மனைவிமார்களிடம் பேசுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவர்களிடம் எந்தப் போர் என்று கேட்டால் தெரியாது என்பார்கள். லீவு எந்த மாசம் வரும், ஜோலார்பேட்டையில் இறங்கி வீட்டுக்கு எப்படி வருவார், மணியார்டர் நின்ற மாசம் எது, தந்தியை யார் படித்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். நேரம் போவதே தெரியாமல் சொல்வார்கள். மணியார்டர் நின்ற மாதத்தை வைத்து யூனிட் எப்போது எல்லைக்கு நகர்ந்தது என்று தெரிந்துகொள்ளலாம். அதைவிட முக்கியம், அந்த மாதங்களில் வீட்டை எப்படி ஓட்டினார் என்பதும் பட்டாளத்தின் வரலாறுதான். அதையும் எழுதுங்கள். கணவர் பெயரின் கீழ் அவர் பெயரையும் போடுங்கள், விதவை என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள்.

பேசத் தயங்கும் போர்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று இந்திய தேசிய ராணுவம். 1942இல் சிங்கப்பூரில் பிடிபட்ட சிப்பாய்களும் மலேயாத் தோட்டங்களிலிருந்த நம் ஆட்களும் அதில் சேர்ந்தார்கள். பின்வாங்கும்போது பர்மாக் காடுகளில் இறந்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட ஒழுங்காகக் கிடையாது. 1945இல் சிங்கப்பூரில் எழுப்பிய நினைவுச் சின்னத்தையும் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை இடித்துத் தள்ளியது. மற்றொன்று 1987 முதல் 1990 வரை இலங்கை போன இந்திய அமைதிப்படை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல்கள் சென்னைக்கு வந்தபோது அன்றைய முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. இங்கிருந்து போன தமிழ்ச் சிப்பாய் தமிழர்களுக்கு எதிரே துப்பாக்கியோடு நின்றவர். திரும்பி வந்து ஊரில் வாய் திறக்காமல் இருந்துவிட்டார். அவரிடம் போகும்போது தீர்ப்போடு போகாதீர்கள். அவர் சொல்வதை எழுதுங்கள், சொல்ல மறுப்பதை மதியுங்கள். அந்தப் போரால் அங்கே பட்ட மக்களின் வலியை மறைத்துவிட்டும் எழுதாதீர்கள். கஷ்டமான வேலை, ஆனாலும் இதை விட்டுவிட்டால் ஒரு தலைமுறைப் பட்டாளத்தாரின் வாழ்க்கையில் மூன்று ஆண்டுகள் வெற்றிடமாகிவிடும்.

யாரைச் சேர்ப்பது என்பதில் தாராளமாக இருங்கள். புதுதில்லி தேசியப் போர் நினைவிடம் 2019இல் திறக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்நீத்த 25,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. ஆகவே பணியில் இறந்தவர்களுக்கு ஏதோ ஒரு பட்டியல் உண்டு. இருபது வருடம் சேவை செய்து, ஊருக்கு வந்து, வங்கியில் வாட்ச்மேனாக இருந்து, எழுபது வயதில் சர்க்கரை நோயில் இறந்தவருக்கு எந்தப் பட்டியலும் இல்லை. உங்கள் தொகுப்பின் நடுப்பகுதி அவர்தான். சமையல்காரர், டிரைவர், கோவேறு கழுதை ஓட்டியவர், நர்சிங் அசிஸ்டென்ட், ராணுவச் செவிலியர் எல்லாரும் வர வேண்டும். துப்பாக்கி பிடித்தவரை மட்டும் எழுதினால் பட்டாளம் எப்படி நடந்தது என்பதே புரியாது. வீரத்தைக் கூட்டியும் எழுத வேண்டாம். இரண்டு ஆதாரம் இல்லாத செய்தியைக் குடும்பத்தார் சொன்னது என்று குறிப்பிட்டே வெளியிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிபிஓ எண், வங்கி விவரம், உயிரோடிருப்பவரின் சர்வீஸ் நம்பர், வீட்டு முகவரி ஆகியவற்றை ஒருபோதும் வெளியிடாதீர்கள். பென்ஷன்தாரர்களை ஏமாற்றும் கும்பல்கள் இவற்றுக்காகவே அலைகின்றன. படங்களை வாங்கிக்கொண்டு திருப்பித் தராமல் போகிறவர்களால் பல வீடுகளில் கதவு மூடிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து ஸ்கேன் செய்துவிட்டு, அசலைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

உதவிக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுங்கள். தனிப்பட்ட விவரங்களை அவர்கள் தர முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தை ஊர்தோறும் உள்ள சங்கங்களுக்கு அனுப்பிவைக்கச் சொல்லிக் கேட்கலாம். மதராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் வெலிங்டன், சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. அந்தந்த மையங்களுக்குக் குடும்பத்தார் கையெழுத்தோடு எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

எந்த வரிசையில் போவது என்று கேட்டால், வயது வரிசையில் போங்கள். 1962இல் இருபது வயதில் சீன எல்லையில் நின்றவர் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார். 1971க்குப் போனவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். கல்லறைகள் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். அதனால் இந்த மாதம் கேமராவை வைத்துவிட்டு, ஒலிப்பதிவுக் கருவியோடு எண்பது வயதுக்காரர்களின் வீட்டுக்குப் போங்கள்.